கை நனைக்காமல் அனுப்பாத வீடு

திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவில் ஒரு கிளைச் சாலையில் திரும்பி, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் போனால் தொல்லூர் வரும். பேரில்தான் ஊர் இருக்கிறதே தவிர அங்கே யாரும் பிறந்ததும் இல்லை, ரேஷன் கார்டு வாங்கினதும் இல்லை, அது ஊர் மாதிரி செய்து வைத்த ஒரு காட்சியகம். எங்கெங்கோ இடிக்கப்போன வீடுகளை வாங்கி, உத்திரத்துக்கு உத்திரம், கதவுக்குக் கதவு சாக்பீஸால் எண் போட்டு, லாரியில் ஏற்றி வந்து திரும்பவும் நிறுத்தி, குயவர் வீடு, நெசவாளர் வீடு, பதநீர் காய்ச்சுகிற குடிசை, வைக்கோல் போலீஸ்காரர் ஒருவர் காவல் இருக்கிற ஜமீன் காலத்து ஸ்டேஷன் என்று வாசலுக்கு வாசல் பலகை எழுதி, நடுவில் ஒரு கிணறு வெட்டி, ஒரு வண்டியையும் கொண்டுவந்து, அதில் உயிர்க் காளை ஒன்றையும் அதற்குத் துணையாகச் சிமெண்ட் காளை ஒன்றையும் பூட்டி வைத்திருந்தார்கள். உயிர்க் காளைக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊரில் பதினேழாம் எண் வீடு ஆவரந்தலையிலிருந்து வந்தது. அங்கே அதைக் கட்டி வாழ்ந்தவர் குத்தாலிங்கம் என்பவர், வாசல்படி மிதித்த ஒருவரையும் சாப்பிடாமல் அனுப்பினதில்லை. வழி கேட்க நின்றவர், தபால் கொடுக்க வந்தவர், ஒரு தடவை அவரைக் கைது பண்ண வந்த ஏட்டு, எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், அந்த ஏட்டு சாப்பிட்டுத் தூங்கி எழுந்து எதற்கு வந்தோம் என்பதையே மறந்து போய்ச் சேர்ந்தார். குத்தாலிங்கம் போய் நாற்பது வருஷம் ஆகியும் வீட்டுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. இது காட்சியகத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், டிக்கெட்டோடு மத்தியானச் சாப்பாடும் சேர்த்து அந்த வீட்டின் கூடத்தில்தான் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், வந்தவர்கள் சாப்பிட்டார்கள், போனார்கள், வீடும் தன் பாட்டுக்கு இருந்தது. புதிதாக வந்த மேலாளர் ஜெபராஜ், கூடம் பிசுபிசுக்கிறது, எறும்பு வருகிறது, பழம்பொருள் வீணாகிறது என்று சொல்லிச் சாப்பாட்டை நிறுத்தி, கேட்டுக்கு வெளியே ஒரு உணவகத்தைத் திறந்து, பதினேழாம் எண் வீட்டு நடையில் ‘இங்கே உணவு உண்ணக் கூடாது’ என்று ஒரு பலகையும் மாட்டினார். மாட்டினது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள்தான் பகவதி தன் அப்பாவோடு அங்கே வந்தாள்.

பகவதிக்கு முப்பது வயது, தாலுகா அலுவலகத்தில் நில அளவர். அவளைப் பெண் பார்க்க அதுவரை பதினோரு குடும்பம் வந்து போயிருந்தது, பதினோரு குடும்பமும் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, காப்பி குடித்து, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று முகம் மலர எழுந்து போய் ஒரு சேதியும் அனுப்பவில்லை. ஜாதகம், உயரம், நிறம் என்று வெளியே ஆயிரம் சொல்வார்கள். பெண் சர்வேயர் என்றதும் பாதிப் பேருக்குத் தங்கள் கொல்லைச் சுவர் ஞாபகம் வந்துவிடுகிறது என்பது பகவதியின் கட்சி. பன்னிரண்டாவது குடும்பத்தை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தெருவே எட்டிப்பார்க்க விடக்கூடாது என்று அப்பா ஆண்டபெருமாள் யோசித்து யோசித்து, ரெண்டு வீட்டுக்கும் பொதுவாக, சும்மா சுற்றிப் பார்க்க வந்த மாதிரி, தொல்லூரில் சந்திக்கலாம் என்று ஏற்பாடு பண்ணியிருந்தார். அம்மாவும் மகளும் பட்டுப்புடவை கட்டிக் கிளம்பினால் விஷயம் வெளியாகிவிடும் என்பதால் அம்மா வரவில்லை, அவள் தெருவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பொது இடம் என்பதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. சம்பந்தம் பேசி முடிகிற வரைக்கும் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம் தின்னலாம், காப்பி குடிக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது, ஆனால் இலையில் சோறு போட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கினால் அது ஊர்ப் பேச்சாகிவிடும். தொல்லூரில் சோறும் நிறுத்தியாயிற்று, வீடும் யாருடையதும் இல்லை, பார்த்தோமா பேசினோமா என்று அவரவர் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

மாப்பிள்ளை திரவியம் தென்காசியில் வண்ணமீன் கடை வைத்திருந்தான், முப்பத்து மூன்று வயது, அதிகம் பேசாதவன். அவனுடைய அம்மா உலகம்மாள் அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள், மாம்பழக் கலர் பட்டில் நிமிர்ந்து நடந்து வந்தாள். நாலு பேரும் குயவர் வீட்டில் பானையைப் பார்த்தார்கள், ஸ்டேஷனில் வைக்கோல் போலீஸ்காரரைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் மட்டும் நேராகப் பார்க்காமல் பதினொன்றரை மணிவாக்கில் பதினேழாம் எண் வீட்டுக்குள் போனார்கள். அங்கே முத்துப்பேச்சி என்பவள் கண்டாங்கிச் சேலை கட்டி, அம்மியில் ஒன்றுமில்லாததை அரைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கிராமத்துப் பெண்ணாக இருந்துகொண்டிருந்தாள். அவள் பாளையங்கோட்டையில் மாடிவீட்டில் குடியிருக்கிறவள், இது அவளுடைய வேலை. பத்து நிமிஷம் உத்திரத்தையும் தூணையும் பார்த்துவிட்டு உலகம்மாள், சரி, பாத்தாச்சு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம் என்று சொல்லி மகனோடு கிளம்பினாள். பகவதிக்கு நெஞ்சுக்குள் பன்னிரண்டாவது தடவையாக ஒன்று இறங்கியது.

ஆனால் ஐந்து நிமிஷத்தில் உலகம்மாளும் திரவியமும் எதிர்ப்பக்கமாக நடந்து பதினேழாம் எண் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். வழி தப்பிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி போனார்கள், கேட்டுக்கு நேராகத்தான் நடந்தார்கள், கிணறு வருவதற்குள் வந்தது இதே வாசல். அவர்கள் மட்டும் இல்லை. தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு பஸ் நிறைய, கல்யாணத்துக்கு முந்தின படம் எடுக்க வந்த ஒரு ஜோடி, அவர்களுக்குக் குடை பிடிக்கிற மூன்று பேர், கோவில்பட்டியிலிருந்து ஒரு கூட்டுக் குடும்பம் என்று அன்றைக்கு அந்த வாசல்படி மிதித்த எண்பத்து நான்கு பேரும் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் கால் வைக்காதவர்கள் சாதாரணமாகக் கேட்டைத் தாண்டிப் போனார்கள், உள்ளே வந்தார்கள், கை காட்டினார்கள்.

விஷயம் என்ன என்று புரிய அரைமணி நேரம் ஆயிற்று, புரிந்ததும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆவரந்தலைப் பக்கத்துக்காரர் ஒருவர் ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் இருந்தார், அவர் தூணைத் தடவிப் பார்த்து, இது குத்தாலிங்கம் வீடுல்லா, சாப்பிடாம எப்படி அனுப்பும் என்றார், அவ்வளவுதான், எல்லாரும் ஃபோனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார்கள், வர நேரமாகும், இங்கே இன்னும் இலை போடல. ஒரு அம்மாவின் கணவர் அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் தனக்குச் சாயங்காலக் காப்பிக்கு என்ன ஏற்பாடு என்று மட்டும் கேட்டாராம். மேலாளர் ஜெபராஜ் ஓடி வந்தார், அவர் அன்றைக்கு அந்தப் படியை மிதிக்காததால் தப்பித்தவர், இனியும் மிதித்துவிடக்கூடாதே என்று ஆறடி தள்ளியே நின்று, விதிமுறையில் இதற்கு இடமில்லை என்று அறிவித்தார். வீட்டுக்கு விதிமுறை தெரியாது என்று முத்துப்பேச்சி சொன்னாள், சொல்லிவிட்டுப் பலகையைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள், காய்ந்த மரம், எதற்கும் ஆகும்.

முதலில் குறுக்கு வழி பார்த்தார்கள். வெளி உணவகத்திலிருந்து பரோட்டா வரவழைத்துத் தின்றார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை; கோவில்பட்டிக்காரர்கள் கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டார்கள், அதற்கும் வழி விடவில்லை, கையோடு கொண்டுவந்த சோறு விருந்தாகுமா என்ன. வீட்டு அடுப்பில் வைத்துக் கொடுப்பதுதான் செல்லும் என்று தெரிந்ததும் முத்துப்பேச்சி கருப்பட்டிக் காப்பி போட்டாள், அதைக் குடித்தவர்கள் கிணறு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். இந்த இடத்தில்தான் பகவதி எழுந்தாள். ஒன்பது வருஷமாக அளந்து பழகினவள், ஒரு வழி கண்ணெதிரே நீண்டு சுருங்குவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. யாராவது ஒருத்தர் என்கூடச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நடக்கணும், நான் தப்படி எண்ணுதேன் என்று பொதுவாகச் சொன்னாள், திரவியம் கையைத் தூக்கினான்.

காப்பிக்கு நாற்பது தப்படி. மோருக்கு எழுபது. சுண்டலுக்கு நூற்றுப் பத்து, சிமெண்ட் காளையின் வால் வரைக்கும். கேப்பைக் கூழுக்கு இருநூறு, வைக்கோல் போலீஸ்காரர் வரைக்கும் போகலாம். கேட் இருப்பது முந்நூற்றுப் பன்னிரண்டாவது தப்படியில். கூழ் குடித்தது கை நனைத்ததாகுமா என்று ஒரு கேள்வி வந்தது, டம்ளரில் குடித்ததால் கை நனையவில்லை என்று உலகம்மாள் தீர்ப்புச் சொன்னாள். இப்படி நாலு தடவை அந்த வெயிலில் ரெண்டு பேரும் போய் வந்தார்கள், அவள் எண்ணிக்கொண்டு, அவன் எண்ணிக்கையைக் கெடுக்கக்கூடாது என்று வாயைத் திறக்காமல். திரும்பி வரும்போது எண்ண வேண்டியதில்லை, அப்போது மட்டும் பேசினான், மீனைப் பற்றித்தான். மீனைப் பையில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் பையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள், அப்படிக் கொட்டக்கூடாது, பையோடு அரைமணி நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, ரெண்டு சூடும் ஒன்றானதும்தான் திறந்துவிட வேண்டும் என்றான். சொல்லிவிட்டு, யாரும் கேக்க மாட்டாங்க, அவசரம் என்றான். பகவதிக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. அது எத்தனையாவது தப்படியில் என்று அவளால் சொல்ல முடியவில்லை, அதில் அவளுக்கே கொஞ்சம் எரிச்சல்.

ஆக, முழுச் சாப்பாடு போட வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. ஜெபராஜ் தன் உணவகத்திலிருந்து அரிசியும் பருப்பும் காய்கறியும் பெரிய பாத்திரங்களும் கொண்டுவந்து ஆறடி தள்ளி இறக்கினார், காட்சிக்கு அடுக்கி வைத்திருந்த விறகைப் பிரித்தார்கள், காட்சிக்கு வைத்திருந்த பானைகளுக்கு வார்னிஷ் அடித்திருந்ததால் அவற்றைத் தொடவில்லை. எண்பத்து நான்கு பேரும் வெவ்வேறு கூட்டமாக வந்தவர்கள், ஒரு கூட்டம் இன்னொன்றை அதுவரை பார்த்ததில்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் காய் நறுக்குகிறவர்கள் ஒரு பக்கம், தேங்காய் துருவுகிறவர்கள் ஒரு பக்கம், ஒன்றும் செய்யாமல் யோசனை சொல்கிறவர்கள் ஒரு பக்கம் என்று அசல் ஊர் ஒன்று உண்டாகிவிட்டது, ஊர் உண்டானதும் சண்டையும் வந்தது. திருநெல்வேலிக்காரர்கள் தேங்காய்ப்பால் சொதி என்றார்கள், கோவில்பட்டிக்காரர்கள் சாம்பார் இல்லாமல் விருந்தா என்றார்கள், தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர் ரெண்டையும் கேவலமாகப் பேசினார். கடைசியில் ரெண்டும் வைத்தார்கள். படம் எடுக்க வந்த மணப்பெண் சரிகைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள், படக்காரர் அதையும் எடுத்தார். அந்தப் படம்தான் பிறகு அவர்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது.

ரெண்டரை மணிக்கு முதல் பந்தி. உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், முத்துப்பேச்சியிடம் சொல்லிக்கொண்டு நடந்தார்கள், கேட் வந்தது, வெளியே போனார்கள், பஸ்ஸில் ஏறினார்கள். அதைப் பார்த்ததும் ரெண்டாம் பந்திக்குத் தள்ளுமுள்ளு.

உலகம்மாள் மட்டும் தூணோரம் உட்கார்ந்தவள் அசையவில்லை. நாங்க பேச்சு முடிக்காத இடத்துல கை நனைக்க மாட்டோம் என்றாள். இது பொது இடம்தானே என்று யாரோ சொன்னதற்கு, சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண் வீட்டாரும் கரண்டி பிடிக்கிற சோற்றில் பொது என்ன பொது என்று கேட்டாள். சங்கரன்கோவிலில் இருக்கிற தன் தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள், தாய்மாமன் சரி என்றால் சாப்பிட்டுவிடலாம். தம்பியோ, நேரில் பார்க்காமல் நான் எப்படிச் சொல்ல முடியும், நாளைக் காலையில் வாரேன் என்று வைத்துவிட்டார். அப்படியானால் நாளை வரைக்கும் இங்கேயே இருக்கிறோம் என்று அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சொதி வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அவள் காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினவள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள்.

ஆண்டபெருமாளுக்கு முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. மகளைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போய், பதினோரு தடவை நம்மால ஆகாததை இந்த வீடு முடிச்சு வைக்குது பாத்தியா, இன்னும் ஒரு மணி நேரம், அந்த அம்மாவால தாங்க முடியாது என்று குசுகுசுத்தார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது, பதினோரு தடவை வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினவர் அவர்தான்.

“அப்பா, பசிக்குப் பயந்து ஒருத்தர் கை நனைச்சா, அந்த வீட்டுல காலம் பூரா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சோறு போடுவேன்?” என்றாள் பகவதி.

“மொதல்ல உள்ள போயிரு. மூஞ்சியப் பெறவு பாத்துக்கிடுவோம்” என்றார் அவர்.

அவள் தண்ணீர் கொண்டுபோய் உலகம்மாளிடம் கொடுத்தாள். மற்றப் பதினொன்றிலும் முதல் பார்வையிலேயே அத்தை என்று கூப்பிட்டு ஏமாந்தவள் என்பதால் இந்தத் தடவை அம்மா என்றே கூப்பிட்டாள், மாத்திரைக்காவது ஏதாவது சாப்பிடுங்க என்றாள். உலகம்மாள் தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஒம் மேல கோவம் இல்ல பிள்ள. என்னைப் பேசி முடிச்ச கதை தெரியுமா ஒனக்கு? எங்க அப்பா மாப்பிள்ள வீடு பாக்கப் போனாவ. அன்னைக்குன்னு பஸ் ஸ்ட்ரைக்கு. ராத்திரி வரைக்கும் திரும்ப வழியில்ல, பசி தாங்கல, கை நனைச்சிட்டாவ. அப்படித்தான் எனக்குக் கல்யாணம் முடிஞ்சுது. நல்ல மனுசன்தான், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா என்னை யாரும் கேக்கல. எம் மவனுக்கு அப்படி நடக்க விடமாட்டேன்.”

பகவதிக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. இந்த அம்மாவும் தானும் ஒரே விஷயத்துக்குத்தான் சோறு தொடாமல் கிடக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது, அழுகை வரும்போல இருந்தது, அழுதால் எண்ணிக்கை தப்பிவிடும் என்பது மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே முத்துப்பேச்சி தலையில் வாழை இலைக் கட்டோடு கேட்டுப் பக்கமிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அடுப்படியே கதியென்று இருந்தவள். பகவதி அவளை நிறுத்தி, எங்கே போய் வாரீங்க என்று கேட்டாள். வெளியே லோடு ஆட்டோவில் இலை வந்திருந்தது, போய் எடுத்து வந்தேன் என்றாள் அவள். கேட்டைத் தாண்டியா? தாண்டித்தான். சாப்பிடாமலா? நான் என்ன விருந்தாளியா, பரிமாறுதவளுக்கு ஏது தடை என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி உள்ளே போனாள்.

பகவதி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அப்பா ஒரு மணி நேரம் என்றார், இப்போது அதில் முக்கால் மணி நேரம்தான் மிச்சம் இருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வீடு முடித்து வைத்துவிடும், திரவியம் இலையில் உட்கார்வான், இவள் தென்காசிக்குப் போவாள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த யாரும் கேட்க மாட்டார்கள் என்ற இடம் வந்ததும் அவள் உள்ளே போகத் திரும்பினாள். அப்பா தூரத்திலிருந்து அவள் முகத்தைப் படித்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அவரைப் பார்க்காமல் உள்ளே போய் உலகம்மாளிடம் எல்லாம் சொன்னாள். சாப்பிட வேண்டியதில்லை, பந்தியில் பரிமாறினால் போதும், பரிமாறினவர்கள் வீட்டு மனுஷர்கள், வீடு அவர்களைப் பிடித்து வைக்காது.

உலகம்மாள் சந்தேகத்தோடுதான் எழுந்தாள், ஆனால் கரண்டியைக் கையில் கொடுத்ததும் ஆளே மாறிவிட்டாள். தெருவில் எந்தக் கல்யாணத்திலும் அவள் பந்தி விசாரிக்காமல் பந்தி எழுந்ததில்லையாம். கூட்டை இலையில் எந்தப் பக்கம் வைப்பது என்று தொலைபேசிக்காரர்களுக்குப் பாடம் எடுத்தாள், அப்பளத்தை முன்னாலேயே போட்டு நமத்துப் போக விட்ட கோவில்பட்டிக்காரரைக் கண்டித்தாள், வேண்டாம் என்று கை மறித்தவர்களுக்குக் கையின் மேலேயே சோற்றை வைத்தாள், ஒரு சின்னப் பிள்ளையின் இலையில் சொதி ஓடாமல் சோற்றால் அணை கட்டினாள். திரவியம் தண்ணீர் ஊற்றினான், ஆண்டபெருமாள் வாடின முகத்தோடு மோர் ஊற்றினார், பகவதி ரசம். நாலாம் பந்தி எழுந்தபோது நாலு மணி, கூடத்தில் எச்சில் இலை எடுக்கிற முத்துப்பேச்சியையும் இவர்கள் நாலு பேரையும் தவிர ஆள் இல்லை.

உலகம்மாள் கை கழுவி, முகம் துடைத்து, பட்டை உதறிச் சரிசெய்துகொண்டாள். ஆண்டபெருமாளைக் கும்பிட்டாள். பகவதியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வாடே நேரமாச்சு என்று மகனைக் கூப்பிட்டாள். ரெண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். பகவதி தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், எண்ணக்கூடாது என்றுதான் நினைத்தாள், எண்ணினாள். கிணற்றைத் தாண்டினார்கள். காளைகளைத் தாண்டினார்கள். போலீஸ்காரரைத் தாண்டினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு. வழி நல்ல பிள்ளையாக நேராகவே கிடந்தது, ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளியே போய்ச் சாலைத் திருப்பத்தில் மறைந்தார்கள். அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. செய்தது சரி என்பதால் வலி குறைகிற மாதிரித் தெரியவில்லை. அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளே போய் மிச்சமிருந்த பாத்திரத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தபோது வாசல்படியில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. திரவியம் நின்றான், சட்டையெல்லாம் வியர்வை.

“திரும்பவும் இங்கதான் கொண்டு வந்து விட்டிருச்சா?” என்றாள் பகவதி. அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, பரிமாறினால் போதும் என்று அவள்தானே சொன்னது.

“இல்ல. ஆட்டோல ஏறி உக்காந்துட்டேன். ஆட்டோவும் கிளம்பிட்டுது. நான்தான் எறங்கி வந்தேன். சோறு மிச்சம் இருக்கா?”

இருந்தது. அடிச்சட்டியில் நாலு பேருக்குக் காணும். ஆனால் பகவதி கரண்டியை எடுக்கவில்லை. பசிச்சு வந்தீங்கன்னா போடுதேன், சாப்பிட்டுப் போகலாம், யாரும் கணக்கில் வைக்க மாட்டோம் என்றாள். வேற எதுக்காவது வந்தீங்கன்னா அதை வாயால சொல்லணும்.

திரவியம் நன்றாக யோசித்தான். அவன் எதற்கும் நேரம் எடுத்துக்கொள்கிறவன் என்பது காலையிலேயே தெரிந்ததுதான்.

“பசியும் இருக்கு” என்றான்.

ஆண்டபெருமாள் பொத்தானை விட்டுவிட்டு, அவரே ஓடிப்போய் ஒரு இலையைக் கொண்டுவந்து விரித்து, அவரே தண்ணீர் தெளித்தார், திரவியம் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து உலகம்மாள் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். இலையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். தம்பி நாளைக்கு வருவதாகச் சொன்னாரே என்று ஆண்டபெருமாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார், வந்தா அவனுக்குத் தனியா ஒரு இலை போட்டுக்கிடலாம் என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பகவதியை.

“இவன் வந்துட்டான். ஒனக்கு என்ன பிள்ள? ஒங்க அப்பாவைப் பாக்காத, என்னையப் பாத்துச் சொல்லு.”

முப்பது வருஷத்தில், வந்து போன பதினோரு குடும்பத்தில், அவளை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் வாய் திறந்தால் வேறு என்னவெல்லாமோ வந்துவிடும்போல இருந்ததால், இலைக்கட்டிலிருந்து இன்னொரு இலையை உருவி, திரவியத்தின் இலைக்குப் பக்கத்தில் தானே விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“நில்லு, நில்லு” என்று உலகம்மாள் அவளை மறித்தாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய் எதையோ தேடினாள். “உப்பு வைக்காம எந்த ஊருல இலை போடுவாவ?”

கை நிறைய உப்போடு வந்து குனிந்து, முதலில் பகவதியின் இலையிலும் பிறகு மகனின் இலையிலும் வைத்தாள்.